அகலப் பாதம், ஒல்லிக் குதிகால்: 6,000 மீட்டர் மலைக்கு எந்த பூட்?

போடிமெட்டு_வாணி
வணக்கம். வர்ற ஆகஸ்ட்ல லடாக்ல காங் யாட்சே 2 (6,250 மீட்டர்) போகலாம்னு ஒரு குழுவோட பேசி வெச்சிருக்கேன். லீவு, பணம், பெர்மிட் எல்லாம் எப்படியாவது சரியாயிடும். கால்தான் கவலை.

என் பாதத்தோட ஜாதகம் இது: முன்பாதம் அகலம், குதிகால் ஒல்லி, தட்டைப் பாதம். வலது கட்டைவிரல் மூட்டுல எலும்பு வெளியே புடைச்சிருக்கும், அம்மாவுக்கும் அப்படியே. வலது 236 மி.மீ., இடது 231. முன்பாதத்தோட அகலம் 98. சின்ன வயசுல ஏலத்தோட்டத்துல வெறுங்காலோட திரிஞ்ச கால் இது.

முன்னாடி மணாலி பக்கம் ஒரு மலைக்கு வாடகை பூட் எடுத்தேன். கடையில பெண்கள் அளவே இல்லை. "பெருசா போட்டு ரெண்டு சாக்ஸ் மாட்டிக்கோங்க"ன்னு ஒண்ணைக் கையில கொடுத்துட்டாங்க. ஏறும்போது குதிகால் உள்ளேயே எழும்பி எழும்பித் தோல் உரிஞ்சுது. இறங்கும்போது விரல் எல்லாம் முன்னாடி போய் இடிச்சு ரெண்டு நகம் கறுத்துப் போச்சு.

வாங்கறதா, வாடகையா? வாங்கறதுன்னா எது? தட்டைப் பாதத்துக்கு "சப்போர்ட்" உள்ள பூட்னு தனியா ஏதாவது இருக்கா?

---

வெள்ளியங்கிரி_வாசி
ஏழு மலையும் வெறுங்கால்ல ஏறி இறங்குற சனங்க நம்ம ஊர்ல இருக்காங்க, நீங்க என்னங்க 98 மி.மீ.க்கு இவ்ளோ யோசிக்கறீங்க :) விளையாட்டுக்குச் சொன்னேன்.

என் காலும் அகலந்தாங்க. எப்பவும் ஒரு சைஸ் கூட எடுத்துருவேன், நல்ல கம்பளி சாக்ஸ் போட்டா நெறஞ்சுரும். இது வரைக்கும் பிரச்சனை இல்ல. ஆமா, வெறுங்காலோட வளர்ந்தா பாதம் தட்டையாயிரும்னு எங்க அத்தை சொல்லும், உங்களுக்கும் அதுதானோ என்னமோ.

---

ஆம்பூர்_லாஸ்ட்
சகோதரி, நான் ஏற்றுமதி ஷூ கம்பெனியில பேட்டர்ன் பிரிவுல இருக்கேன். மலை ஏறினது கிடையாது, ஏலகிரிக்கே பஸ்ஸுலதான் போவேன். ஆனா லாஸ்ட் பத்திக் கொஞ்சம் தெரியும். எந்த அச்சு மேல ஷூவைக் கட்டுறோமோ அதுதான் லாஸ்ட். ஷூவோட குணம் எல்லாம் அதுலதான் இருக்கு, மேல ஒட்டுற பேர்ல இல்லை.

வெள்ளியங்கிரி நண்பர் சொன்ன "ஒரு சைஸ் கூட" கணக்கைப் பாருங்க. யூகே அளவுல ஒரு சைஸ் ஏறினா நீளம் எட்டரை மி.மீ. கூடும். முன்பாதச் சுற்றளவு கூடுறது சுமார் ஆறு மி.மீ. சுற்றளவுல ஆறுன்னா அகலத்துல ரெண்டு மி.மீ. சொச்சந்தான். உங்களுக்கு அகலத்துல ஆறு மி.மீ. வேணும்னா மூணு சைஸ் ஏறணும். அப்போ நீளம் இருபத்தஞ்சு மி.மீ. அதிகமாயிடும். குதிகாலும் கூடவே அகலமாகும், உங்களுக்கு அது ஏற்கெனவே ஒல்லி. நகம் கறுத்தது இதனாலதான்.

இன்னொண்ணு. ஷூ மடங்குறதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. உங்க விரல் மூட்டு மடங்குற இடமும் அதுவும் ஒண்ணா அமையணும். நீளமான ஷூவுல அது முன்னாடி தள்ளிப் போயிடும், புடைச்ச மூட்டு அகலம் குறையுற இடத்துல போய் உரசும். அதனால மொத்த நீளத்தோட, குதிகால்லேர்ந்து கட்டைவிரல் மூட்டு வரைக்கும் எவ்வளவுன்னும் அளங்க.

அளக்கிற முறை: சாயங்காலம், வேலை முடிஞ்சு, மலையில போடப்போற சாக்ஸோட, நின்னுக்கிட்டு. காகிதத்துல பாதத்தைச் சுத்தி பென்சிலை நேரா நிறுத்தி வரைங்க, சாய்ச்சா அளவு தப்பும். அப்புறம் டேப் எடுத்து மூணு சுற்றளவு: முன்பாத மூட்டைச் சுத்தி ஒண்ணு, பாதத்தோட மேட்டைச் சுத்தி ஒண்ணு, குதிகால் முனையிலேர்ந்து கணுக்கால் மடிப்பு வழியா ஒண்ணு. ரெண்டு காலுக்கும் தனித்தனியா.

இது உங்க ஒருத்தர் பிரச்சனை இல்லை. அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர்லேர்ந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்கள்ல ஒரு லட்சத்துக்கும் மேல ஆட்களோட பாதத்தை அளந்தாங்க. இந்தியர் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தை விட அகலம்னு வந்துது. அதை வெச்சு "பா"ன்னு நமக்கு ஒரு அளவு முறையே முன்வெச்சிருக்காங்க. ஆனா பனிமலை பூட் செய்றது பெரும்பாலும் இத்தாலி, ஜெர்மனி கம்பெனிங்க. அவங்க லாஸ்ட் அவங்க ஊர்க் காலுக்கு.

---

வெள்ளியங்கிரி_வாசி
பாய், ரெண்டு மி.மீ.தானா?! இத்தன நாளா நான் நீளத்துக்குத்தான் காசு கொடுத்துட்டு இருந்திருக்கேன்.

---

பிசியோ_மீனா
மேலே ஒருவர் சொன்ன அத்தை கருத்துக்கு முதலில். உண்மை நேர்மாறு. 1992-ல் வந்த ஓர் ஆய்வில் 2,300 இந்தியக் குழந்தைகளின் பாதத்தைப் பார்த்தார்கள். ஷூ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம் பேருக்கு. வாணியுடையது பெரும்பாலும் குடும்பவாகு. அத்தையிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

வாணி, சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்புங்கள், யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். எழும்பும்போது உள்பக்க வளைவு தெரிகிறதா, குதிகால் சற்று உள்பக்கம் திரும்புகிறதா? அப்படியென்றால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லாவிட்டால் அதை நோயாக நினைக்க வேண்டாம். வளைவு வராமல் விறைப்பாகவே இருந்தாலோ, ஒற்றைக் காலில் எழும்ப முடியாமல் கணுக்காலின் உள்பக்கம் வலித்தாலோ, பூட் தேடுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

"சப்போர்ட்" என்றதும் எல்லோரும் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் உயரமான பூட்டைத்தான் நினைக்கிறார்கள். தட்டைப் பாதக்காரருக்கு முக்கியம் அது இல்லை. குதிகால் ஒரு குழிக்குள் அசையாமல் உட்கார வேண்டும், அடிப்பாகம் முறுக்கினால் முறுக்கக் கூடாது. கடையில் பூட்டின் முன்னையும் பின்னையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். கையால் முறுக்க முடிந்தால் அந்த பூட் மேலே எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயனில்லை.

இன்சோல் (பூட்டுக்குள் பாதத்துக்கு அடியில் போடும் தகடு) விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வளைவு உயரமாக உள்ள இன்சோலைத் தட்டைப் பாதத்துக்கு என்று விற்பார்கள். பூட்டுக்குள் அது பாதத்தை மேலே தூக்கும். உள்ளிருக்கும் இடம் குறையும், பாத மேடு நாடாவில் அழுந்தும், எடை வெளிப்பக்கம் சாயும். குதிகால் குழி ஆழமாகவும் வளைவு தாழ்வாகவும் கொஞ்சம் கெட்டியாகவும் உள்ளது போதும். பெரிய மருத்துவமனைகளில் செயற்கை உறுப்புப் பிரிவு இருக்கும், அங்கே பாதத்தை அச்செடுத்து செய்து தருவார்கள். பூட்டோடு வந்த இன்சோலை வெட்டு மாதிரியாக எடுத்துப் போங்கள்.

புடைத்த மூட்டுக்கு நல்ல செய்தியும் உண்டு. அடிப்பாகம் விறைப்பாகவும் முன்முனை சற்று மேல்நோக்கி வளைந்தும் இருந்தால் கட்டைவிரல் மடங்கும் வேலை குறையும். மென்மையான ட்ரெக்கிங் ஷூவில் வலிக்கிற மூட்டு, அகலம் சரியாக இருந்தால், பனிமலை பூட்டில் வலிக்காமலே போகலாம்.

---

பனிக்கோடரி
உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்துல பேசிக் கோர்ஸ் முடிச்சவன். பூட் அங்கேயே கொடுப்பாங்க. முதல் நாள் ஸ்டோர் வரிசையில அவசரப்பட்டு வாங்கிட்டு வந்தவன் எல்லாம் மறுநாள் மாத்தித் தரச் சொல்லித் திரும்ப நிப்பான்.

முதல்ல எந்த வகை வேணும்னு முடிவு பண்ணிக்கலாம். பி1, பி2, பி3ன்னு விறைப்பை வெச்சுப் பிரிப்பாங்க. கிராம்பான்னா பனியில வழுக்காம இருக்க பூட் அடியில மாட்டுற முள்ளுச் சட்டம். பி1ல வார் கட்டுற கிராம்பான் மட்டும்தான். பி2ல குதிகால் பக்கம் ஒரு விளிம்பு இருக்கும், பின்னாடி நெம்புகோல் உள்ள கிராம்பான் பிடிக்கும். பி3ல முன்னாடியும் விளிம்பு, அடிப்பாகம் மடங்கவே மடங்காது. ஊர்க் கடைகள்ல "ஹை ஆங்கிள் (கணுக்கால் வரை உயரம்), வாட்டர் ப்ரூஃப்"னு கிடைக்கிற ட்ரெக்கிங் ஷூ எதுவும் இந்தக் கணக்குலயே வராது. அதுல கிராம்பான் மாட்டினா அடி வளைஞ்சு கழண்டு வந்துடும்.

காங் யாட்சே 2ல தொங்கி ஏற ஒண்ணுமில்ல, நீளமான பனிச்சரிவு. ஆனா ராத்திரி கிளம்பி விடியற வரை நடக்கணும், குளிர் மைனஸ் பத்துக்குக் கீழ சாதாரணமாப் போகும். அதனால லடாக்கோட லே ஊர்ல எல்லாரும் இரட்டை பூட் வாடகைக்கு எடுப்பாங்க, வெளியே ஓடு, உள்ளே தனியா கழற்றக்கூடிய லைனர்.

இதுல உங்களுக்கு ஒரு லாபம் இருக்கு. லைனரைக் கழற்றிட்டு வெறும் ஓட்டுக்குள்ள கால விடுங்க. விரல் முன்னாடி லேசாத் தொடுற வரை தள்ளுங்க. குதிகாலுக்குப் பின்னாடி ஒண்ணரை விரல் போகணும். ரெண்டு விரலுக்கு மேல போனா பெருசு. பக்கவாட்டுல அந்த எலும்பு ஓட்டைத் தொடக் கூடாது. தொட்டா அந்த மாடலே வேண்டாம், அடுத்ததைக் கேளுங்க. ஓடு சரியா இருந்தா மிச்சத்தை லைனர்லயும் இன்சோல்லயும் சரிக்கட்டலாம்.

பழைய பிளாஸ்டிக் பூட் கொடுத்தா கணுக்கால் மடிப்புலயும் அடி ஒட்டுற இடத்துலயும் விரிசல் இருக்கான்னு நகத்தால கீறிப் பாருங்க. வயசான பிளாஸ்டிக் குளிர்ல பட்டுனு வெடிக்கும்.

ரெண்டு சாக்ஸ் கதைக்கு வர்றேன். மெல்லிசா ஒண்ணு, அதுக்கு மேல தடிமனா ஒண்ணு, இது வரைக்கும் சரி. பெரிய பூட்டை நிரப்ப ரெண்டு தடிமன் போட்டா சுருக்கம் விழும், அந்தச் சுருக்கம்தான் கொப்புளம். இறுக்கமான பூட்டுல திணிச்சா இன்னும் மோசம். ரத்த ஓட்டம் நின்னா எவ்வளவு கம்பளி போட்டாலும் விரல் உறையும். பனிக்கடி வாங்கறதுக்கு இது நேர் வழி.

---

சூரிச்_குமரன்
வணக்கம் தங்கச்சி. நான் இஞ்ச சுவிஸிலை இருக்கிறன், கோடையிலை கிழமைக் கடைசியிலை மலைதான். பிரைட்ஹார்ன் (4,164 மீட்டர்) மாதிரி பனி மலையளுக்குத்தான் கூடுதலாப் போறது. என்ரை காலும் உங்கட கால் மாதிரித்தான், முன்னுக்கு அகலம், பின்னுக்கு ஒடுக்கம். நாலைஞ்சு சோடி சப்பாத்து மாத்திப் பாத்துத்தான் இதுகள் விளங்கினது.

பிராண்டுகளைப் பற்றிப் பொதுவாச் சொல்லலாம், ஆனா மொடலுக்கு மொடல் மாறும். லா ஸ்போர்ட்டிவா பெரும்பாலும் ஒடுக்கம், குதிகால் நல்லாப் பிடிக்கும். ஸ்கார்ப்பா முன்னுக்குக் கொஞ்சம் தாராளம். லோவா, மைன்டில், ஹான்வாக் எண்ட ஜெர்மன் ஆக்களிட்டை அகல மொடல்கள் இருக்கு. ஹான்வாக் இந்தக் கட்டைவிரல் எலும்புக்கெண்டே தனி லாஸ்டிலை சப்பாத்து செய்யிறாங்கள். ஆனா அதுகள் நடைச் சப்பாத்து, 6,000 மீட்டருக்குக் காணாது. பேரைப் பாத்து ஏமாறாதேங்கோ.

இப்ப முக்கியமான விசயம். உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஆம்பிளையளின்ர சின்ன சைஸ் எடுத்தா முன்னுக்கு அகலம் கிடைக்கும், ஆனா குதிகால் நீந்தும். பொம்பிளையளின்ர லாஸ்டிலை குதிகால் ஒடுக்கம், பிடிக்கும், ஆனா முன்னுக்கு நெரிக்கும். நான் ரெண்டாவதைத்தான் எடுங்கோ எண்டு சொல்லுவன். ஏனெண்டா அகலத்தைப் பிறகு உண்டாக்கலாம். தளர்ந்த குதிகாலை இறுக்க உருப்படியான வழி ஒண்டுமில்லை.

அகலத்தை எப்பிடி உண்டாக்கிறது? இஞ்ச பனிச்சறுக்குச் சப்பாத்துத் திருத்திற கடையள் இருக்கு. என்ரை எலும்பிலை அந்த மனிசன் லிப்ஸ்டிக்காலை ஒரு பொட்டு வைச்சு, மெல்லிய சொக்ஸோடை காலை உள்ளுக்கு விடச் சொன்னவர். காலை எடுக்க உள்பக்கத்திலை அடையாளம் விழுந்திருந்தது. அந்த இடத்திலை தோலைக் கொஞ்சம் ஈரமாக்கி, ஒரு பக்கம் வளையமும் மற்றப் பக்கம் குண்டும் உள்ள ஒரு குறட்டாலை கவ்வி இரவு முழுக்க விட்டவர். மூண்டு நாலு மி.மீ. வெளியிலை வந்தது. முழுத்தோல் சப்பாத்திலைதான் இது நடக்கும். செயற்கைத் துணி திரும்பவும் பழைய இடத்துக்கே வந்திடும். சுத்தி வர ரப்பர் பட்டி ஒட்டியிருந்தா அதுக்குக் கீழை தோல் அசையாது, கூடச் சூடு காட்டினா பசை விட்டிடும். உள்ளுக்கு நீர் புகாத சவ்வு இருந்தா அதுவும் கிழியலாம். எலும்பு அந்தப் பட்டிக்கு மேலை வருதோ எண்டு வாங்க முதலே பாருங்கோ.

இரட்டைச் சப்பாத்தெண்டா லேசு. வன்கூவரிலை இன்டியூஷன் எண்டு ஒரு கொம்பனி சூடாக்கி வடிவமைக்கிற லைனர் செய்யுது. விரலுக்கு ஒரு தொப்பியும் எலும்பிலை ஒரு ஃபோம் துண்டும் வைச்சுச் சுடச்சுட காலை விட்டு, ஆறும் வரை ஆடாமல் நிக்கவேணும். ஃபோம் இருந்த இடம் குழியா நிண்டிடும்.

---

போடிமெட்டு_வாணி
எல்லாருக்கும் நன்றி. மீனா மேடம், நுனிக்கால்ல எழும்பினா வளைவு வருது, தங்கச்சி போட்டோ எடுத்தே காட்டிட்டா. வலியும் இல்லை.

பாய், டேப் அளவு: முன்பாதச் சுற்றளவு வலது 241, இடது 236. குதிகால்லேர்ந்து மூட்டு வரைக்கும் 174.

குமரன் அண்ணா, உங்க ஊர் மாதிரி இங்கே பத்து மாடல் வரிசையா வெச்சுப் போட்டுப் பார்க்க வழி இல்லை. சென்னையில பி2 பூட்டைக் கண்ணால பார்க்கறதே கஷ்டம். வெளிநாட்டுத் தளத்துல வாங்கினா சுங்க வரி, சேரலைன்னா திருப்பி அனுப்பற செலவு. அதான் பயம்.

---

ஆம்பூர்_லாஸ்ட்
241 கொஞ்சம் தாராளந்தான், பயப்படுற அளவு இல்லை. மூட்டு வரைக்கும் 174ங்கிறது உங்க நீளத்துக்குச் சராசரிதான். அதனால மூட்டு அளவுக்காக சைஸ் ஏத்த வேண்டிய அவசியம் இல்லை. ஐரோப்பிய அளவுல 38 சுத்தி ஆரம்பிங்க, ஒரு சைஸுக்கு மேல தள்ளாதீங்க. வலது கால் பெருசு, அதுக்கு வாங்கி இடதைச் சரிக்கட்டுங்க.

இடதுக்கு வழி: பூட் நாக்கோட (நாடாவுக்கு அடியில இருக்கற தோல் மடல்) உள்பக்கம், பாத மேட்டுக்கு நேரா நாலு மி.மீ. ஃபெல்ட் (அழுத்தின கம்பளி) துண்டு ஒட்டுங்க. அது பாதத்தைப் பின்னாடி தள்ளிக் குதிகாலைக் குழிக்குள்ள உட்கார வைக்கும். எங்க ஆளுங்க சாம்பிள் ஷூவுக்கு அன்றாடம் பண்றதுதான். குதிகாலுக்குப் பின்னாடி பஞ்சு ஒட்டாதீங்க, பாதம் முன்னாடி தள்ளிப் போகும், திரும்பவும் நகம்தான்.

குமரன் பாய் சொன்ன வளையம், குண்டு வேலையை இங்கே எங்க பேட்டையில செய்ற பெரியவர் இருக்காரு. முழுத்தோலா இருந்தா எடுத்துட்டு வாங்க.

---

பனிக்கோடரி
லேல எடுக்கறதா இருந்தா இப்படிச் செய்ங்க. உயரத்துக்கு உடம்பு பழக எப்படியும் ரெண்டு மூணு நாள் அங்கே உட்காரணும். கிளம்புறதுக்கு முந்தின நாள் கடைக்குப் போகாம, வந்த மறுநாளே போங்க. ஒரே கடையில நிக்காதீங்க. உங்க இன்சோல், சாக்ஸ், ஃபெல்ட், டேப் எல்லாம் கையில இருக்கட்டும். கிராம்பானை பூட்டுல மாட்டி, வாரைக் கட்டாம, தலைகீழாப் பிடிச்சு உதறுங்க. கழண்டு விழுந்தா சேரலைன்னு அர்த்தம். சின்ன சைஸ் பூட்டோட முன்முனை சில கிராம்பானுக்கு ரொம்பக் குறுகலா இருக்கும்.

மூணாவது நாள் அந்த பூட்டோட சாந்தி ஸ்தூபி படியில ஏறி இறங்குங்க. ஏறும்போது குதிகால் எழும்புதா, இறங்கும்போது விரல் இடிக்குதா, இது ரெண்டையும் கடை பெஞ்சுல உட்கார்ந்து கண்டுபிடிக்கவே முடியாது.

நாடா கட்டுறது: முன்பாதத்துல தளர்வா விடுங்க. கணுக்கால் மடிப்புக்கு வந்ததும் ஒரு சுத்துக்குப் பதிலா ரெண்டு சுத்து சுத்தி இழுங்க, அது நழுவாம பூட்டிக்கும், கீழ்ப் பாதி தளர்வாவே இருக்கும். அதுக்கு மேல ஏறும்போது லேசா, இறங்கும்போது இறுக்கமா. எலும்புக்கு நேரா இருக்கற கண்ணியை விட்டுட்டு அடுத்ததுல கோர்த்தாலும் தப்பில்லை.

---

வெள்ளியங்கிரி_வாசி
பெர்மிட்டுக்கு ஆதார் காட்டற மாதிரி இன்சோல், ஃபெல்ட், டேப் எல்லாம் பையில வேணுமாட்ட இருக்குங்க. ஒரு சந்தேகம், இரட்டை பூட் வாடகைக்கே எடுக்கறாங்கன்னா இவங்க எதுக்குங்க புதுசு வாங்கணும்? ஒரு மலைக்கு அவ்ளோ காசு?

---

பனிக்கோடரி
ஒரு மலையோட நிறுத்தறவங்களுக்கு வாடகைதான். மணாலி, உத்தரகாசி பக்கம் அஞ்சாயிரம் மீட்டர் மலைகளுக்கும் திரும்பத் திரும்பப் போறவங்க, கால் இப்படி இருந்தா, சொந்தமா ஒரு பி2 தோல் பூட் வெச்சுக்கிறது நல்லது. தோல் நடக்க நடக்கக் காலுக்குப் பழகும். வாடகை பூட் எத்தனையோ பேர் காலுக்குப் பழகினது.

---

சூரிச்_குமரன்
ஓம். ஆனா புதுத் தோல் சப்பாத்தை நேரா மலைக்குக் கொண்டு போகாதேங்கோ. மாடிப்படி, சந்தை, எங்கையெண்டாலும் போட்டுக்கொண்டு போங்கோ. ஆரும் சிரிச்சா சிரிக்கட்டும்.

---

போடிமெட்டு_வாணி
அப்டேட். சித்தப்பா மகன் முனிக்லேர்ந்து வந்தான். என் பாத வரைபடத்தையும் பாயோட மூணு அளவையும் முன்னாடியே அனுப்பியிருந்தேன். பெண்கள் லாஸ்ட்ல முழுத்தோல் பி2, அளவு 38.5. இன்சோலை வெளியே எடுத்து அது மேல நின்னு பார்த்தேன், வலது முன்பாதம் ஓரத்துல கொஞ்சம் வழியுது. குதிகால் கெட்டியா உட்காருது. எலும்பு ரப்பர் பட்டிக்கு மேலதான் வருது, உள்ளே சவ்வும் இல்லை.

ஆம்பூர் போய் வந்தாச்சு. பெரியவர் ராத்திரி முழுக்க வெச்சு மூணு மி.மீ. இழுத்துக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன்னுட்டார், பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பினது அவர்தான். இடதுல நாக்குக்கு ஃபெல்ட் ஒட்டியாச்சு. இப்போ வேளச்சேரி ரயில் நிலையப் படியில ஏறி இறங்கிட்டு இருக்கேன். கால் வேகுது, ஆனா குதிகால் எழும்பலை.

லடாக்குக்கு இது குளிர் தாங்காதுன்னு தெரியும். அங்கே இரட்டை பூட் வாடகைதான். இதைப் போட்டுக்கிட்டு மே மாசம் மணாலி பக்கம் ஒரு பயிற்சி. பனிக்கோடரி அண்ணா, 38.5க்கு கிராம்பானோட முன், பின் பாதியை இணைக்கிற நடு பட்டை தனியா சின்னது வாங்கணுமா?

---

பனிக்கோடரி
வேண்டாம். பெரும்பாலான கிராம்பான்ல கூட வர்ற பட்டையே 36 வரை சுருங்கும். தனியா நீளப் பட்டை தேடுறது 46க்கு மேல கால் உள்ளவங்கதான். குதிகால் நெம்புகோலோட திருகை மட்டும் உங்க பூட் விளிம்புக்கு ஏத்த மாதிரி சரி பண்ணிக்கோங்க, மூடும்போது கட்டைவிரலால அழுத்தினா "டக்"னு கெட்டியா விழணும்.